எண் போடாத பக்கங்கள்

வால்டிவியாவில் மழை நின்றால்தான் செய்தி.
சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே
எங்கள் பத்திரிகை:
வருடத்துக்கு இரண்டு இதழ், மூன்று நாற்காலி,
ஒழுகும் மூலைக்கு ஒரு வாளி.
வருகிற உறைகளைப் பிரித்து முதலில் படிப்பது என் வேலை.
சம்பளம் கிடையாது. தேநீர் உண்டு,
சர்க்கரை நாமே கொண்டுபோக வேண்டும்.

"மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா" என்று தொடங்குகிறார்கள்.
ஆசிரியர் பெயர் இஸ்மேனியா. அட்டையிலேயே இருக்கிறது.
போன வாரம் ஒருவர்
சாந்தியாகோவில் வரும் வேறொரு பத்திரிகையை
வாய் நிறையப் புகழ்ந்து எங்களுக்கு எழுதியிருந்தார்.
இஸ்மேனியா அதைச் சத்தம் போட்டு வாசித்தாள்.
"நியாயமாகத்தான் சொல்கிறார்" என்றாள்.

சிறுகதை கேட்டிருந்தோம்.
பல் மருத்துவர் ஒருவர் தன் நாவலின்
பதினேழாம் அத்தியாயத்தை அனுப்பினார்,
முந்திய பதினாறில் நடந்ததையெல்லாம்
கடிதத்தில் ஆறு பக்கம் விளக்கி.
கடிதம் நன்றாக இருந்தது.
அதைப் போடட்டுமா என்று கேட்டோம்,
கோபித்துக்கொண்டார்.

அப்புறம் ஹெர்மோசினா.
இன்று ஒரு கவிதை, நாளை அதன் திருத்தம்,
வெள்ளிக்கிழமை "தயவுசெய்து பழையதைக் கிழித்துவிடுங்கள்",
திங்கட்கிழமை "இதுதான் கடைசி".
கடைசியையும் முதலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
ஒரு காற்புள்ளிதான் கூட.

இதெல்லாம் சொல்வதால் என்னை யோக்கியமென்று எண்ண வேண்டாம்.
கொன்செப்சியோனுக்கு நான் கவிதை அனுப்பியபோது
பெயரெழுத மறந்தேன்.
முகவரி மட்டும் இருந்ததால்
"இவ்வீட்டில் வசிப்பவருக்கு" என்று மறுப்பு வந்தது.
வீட்டுக்காரி பிரித்துப் படித்து, மாடியேறி வந்து
எனக்கு ஆறுதல் சொன்னாள்.

எவரிஸ்தோ ஓயார்சூன்,
கொரால் போகும் படகில் டிக்கெட் கிழிப்பவர்.
தலைப்புக்குத் தனித்தாள் வைப்பார்,
பக்க எண் போட மாட்டார், பின் குத்த மாட்டார்.
ஜூலையில் அவர் கதை வந்த அன்று
ஜன்னலைச் சாத்த எழுந்தேன்,
காற்று முந்திக்கொண்டது.
இரண்டு தாள் வாளிக்குள். மிச்சம் மேசைக்கடியில்.
விறகடுப்பின் மேல் காயப்போட்டு
என் புத்திக்கு எட்டியபடி அடுக்கினேன்.

கடைசித் தாளில்
ஒருத்தி ஈரக் குடையோடு படியேறி வருகிறாள்.
அவன் எழுந்து, அடுப்பில் தண்ணீர் வைக்கிறான்.
அவ்வளவுதான் கதை.
இஸ்மேனியா இரண்டு தடவை படித்தாள்.
ஒன்றும் சொல்லாமல் அச்சுக்கு அனுப்பினாள்.

இதழ் வந்த பத்தாம் நாள் அவரே வந்தார்.
தொப்பி சொட்டிக்கொண்டிருந்தது,
வாளிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.
"அவள் வருவது முதல் பக்கத்தில்" என்றார்.
"கடைசியில் அவள் போகிறாள்."

எனக்குக் காது சுட்டது.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்,
கையால் தடுத்தார்.
"நான் எண் போட்டிருக்க வேண்டும்."
பிறகு வெகுநேரம் பேசவில்லை.
கீழே யாரோ சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.
"இன்னும் இரண்டு பிரதி கிடைக்குமா?"
காசு வேண்டாமென்றோம்.
சில்லறையை எண்ணி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நவம்பரில் அடுத்த கதை.
ஒவ்வொரு தாளிலும் சிவப்புப் பென்சிலில்
உள்ளங்கை அகலத்துக்கு எண்.
உறையின் மேலும் ஒரு 1.
இஸ்மேனியாவின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருந்தது.
பின்கூடக் குத்தியிருந்தார்.
அவள் படித்துவிட்டு, திருப்பி அனுப்பு என்றாள்.

மறுப்புக் கடிதம் எழுதுவதும் என் வேலைதான்.
மூன்று நாளாக "அன்புள்ள" என்பதைத் தாண்டவில்லை.
பின்னைக் கழற்றிவிட்டேன்.
தாள்களை ஜன்னலோரம் வைத்து
கதவைத் திறந்து பார்த்தேன்.
மழைகூட விட்டிருந்தது.
காற்று துளியும் இல்லை.